நாற்பத்தொரு மெட்டுகள்

எங்கள் வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் எழுத்தெண்ணி. பிஸ்கட் உறையைக்கூட ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் பிரிப்பேன். பெயர் வைத்தது அண்ணன். அவன் எதையும் படிக்க மாட்டான். படபடவென்று தட்டிக்கொண்டே போவான்.

அவன் கீபோர்டில் தானே போட்ட மெட்டுகள் நாற்பத்தொன்று. எல்லாம் அவனுடைய கணினியில் இருந்தன. சனிக்கிழமை காலையில் அது உயிரை விட்டது.

பழுது பார்க்கும் கடை அக்கா இரண்டு மணி நேரம் போராடிவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

"உள்ள இருக்கிற டிஸ்க்கே போச்சு தம்பி. இன்னொரு காப்பி வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேனே! 'பத்திரம்'னு தனி ஃபோல்டர் போட்டு வெச்சிருக்கேன்."

"எங்க?"

"அதே கம்ப்யூட்டர்லதான்."

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டித் தொலைத்த கதைதான்!

"இனிமே கீபோர்டைத் தொடவே மாட்டேன்" என்றான் அண்ணன். அவன் கண் கலங்கியதும் எனக்குக் கேலி செய்ய மனசு வரவில்லை. அழுகைதான் வந்தது.

அழுதால் மெட்டு வருமா? உட்கார்ந்து யோசித்தேன். அண்ணன் எப்போதும் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வாசிப்பான். முடித்ததும் எனக்கு மட்டும் போட்டுக் காட்டுவான். ஆனால் நேற்று நான் பேக்கரிக்குப் போனபோது, அங்கே வேலை பார்க்கும் அப்பா மாவு பிசைந்தபடி அண்ணன் புதிதாகப் போட்ட மெட்டைச் சீட்டியடித்தாரே! கேட்காத மெட்டு வாயில் எப்படி வரும்?

மாலையில் அப்பாவை வாசலிலேயே மடக்கினேன். 'படிக்கிற நேரத்துல பாட்டு என்னடா பாட்டு' என்று அண்ணனைத் தினமும் திட்டுகிறவர், திருதிருவென்று விழித்தார். பிறகு பையிலிருந்து தீப்பெட்டி அளவில் பழைய மியூசிக் பிளேயர் ஒன்றை எடுத்தார்.

"அவன் இல்லாத நேரம் பாத்து அவன் மெட்டையெல்லாம் இதுல ஒண்ணொண்ணா ஏத்திக்குவேன். அவன்கிட்ட சொல்லிடாதம்மா."

"சொல்லாம எப்படிப்பா!"

அண்ணன் பறந்து வந்து பிளேயரை அம்மாவின் கணினியில் செருகினான். திரையில் ஒரு கேள்வி வந்தது. அவன் விரல் 'சரி'யை நோக்கிப் பாய்ந்தது.

"கையை எடு! படிச்சியா?"

"வழக்கமா கேக்கறதுதான்டி!"

நான் உரக்கப் படித்தேன். "'பிளேயரில் உள்ளவை அனைத்தும் நீக்கப்பட்டு, இந்தக் கணினியில் உள்ள பாடல்கள் ஏற்றப்படும்.' அம்மா கம்ப்யூட்டர்ல எத்தனை பாட்டு இருக்கு?"

"ஒண்ணுகூட இல்ல" என்றான் அண்ணன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

'வேண்டாம்' என்பதை நானே அழுத்தினேன். பிறகு எல்லா மெட்டுகளையும் கணினிக்கு மாற்றினோம். பென்டிரைவில் இன்னொரு பிரதியும் எடுத்தோம். அது அடுத்த தெருவில் இருக்கும் அத்தை வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

எண்ணிப் பார்த்தால் நாற்பத்திரண்டு இருந்தன.

"ஒண்ணு அதிகமா இருக்கே!" அண்ணன் அதை ஓடவிட்டான். தத்தித் தத்தி ஒரு மெட்டு வந்தது. "ஐயய்யோ, இது நான் முதமுதல்ல போட்டது! கேவலமா இருக்குன்னு அப்பவே அழிச்சுட்டேனே!"

"நீ அழிச்ச. நான் அழிக்கல" என்றார் அப்பா. "தினமும் காலையில இதைக் கேட்டுட்டுத்தான் மாவுல கையை வைப்பேன்."

அண்ணன் ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டான், அவர் சட்டையெல்லாம் மாவு என்றுகூடப் பார்க்காமல்.