பக்கத்து சீட் காலி

ஏல நிறுவனத்தில் என் வேலை, பழைய கார்களைப் பற்றிப் பட்டியலில் நாலு நல்ல வார்த்தை எழுதுவது. துருப் பிடித்திருந்தால் 'காலத்தின் அழகு' என்று எழுதுவேன். கதவு சரியாக மூடாவிட்டால் 'காற்றோட்டமானது'. ஆனால் 'அதிகம் ஓடாதது' என்று மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது என்பது மேனேஜரின் உத்தரவு. வயதைக் குறைத்துச் சொல்பவர்களைவிட மீட்டரைக் குறைத்து வைப்பவர்கள்தான் உலகத்தில் அதிகமாம்.

அதனால் அந்த மத்தியானம் கிளம்பும்போதே சந்தேகத்தோடுதான் கிளம்பினேன். இத்தாலியில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் முன்னால், சீட் இரண்டே இரண்டு. வாங்கிப் பல வருடமாகியும், ஒரு பால் வண்டி ஒரு மாதத்தில் ஓடும் தூரம்கூட அது ஓடியிருக்கவில்லை. காரை எங்கள் யார்டுக்கு அனுப்ப மாட்டேன், வீட்டுக்கு வந்துதான் பார்க்க வேண்டும் என்று சொன்ன சொந்தக்காரர், போனில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"வாங்குற ஆசை உள்ளவர் யாரையாவது கூட்டிட்டு வாங்க தம்பி. நல்லா வேகமா ஓட்டுறவரா இருக்கணும்."

விற்கிறவர் போடுகிற நிபந்தனையா இது? ஆனால் வேகம் என்றதும் எனக்கு ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்தார். அக்காவின் கணவர். தன் காருக்கு முன்னால் இன்னொரு வண்டி போவதை அத்தான் குடும்ப கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வார். கார் படத்தைக் காட்டிய அன்றே மனசுக்குள் வாங்கி, ஓட்டி, கழுவியும் வைத்துவிட்டார்.

அக்காவும் கூடவே வந்தாள். அவள் வந்தது கார் பார்க்க அல்ல, வாங்க விடாமல் தடுக்க. இருக்கிற காரிலேயே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள். இந்தக் கார் வீட்டுக்கு வந்தால் ஒரு சீட் அத்தானுக்கு. இன்னொன்று யாருக்கு என்று அவளுக்குத் தெரியும்.

"இதை மட்டும் இவர் வாங்கினா என்னை நீ உயிரோட பாக்க மாட்டடா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். வளைவுகளில் மட்டும் வாயை மூடிக்கொண்டாள்.

வீடு ஒரு நீளமான சந்தின் கடைசியில் இருந்தது. அத்தான் தன் வழக்கப்படி கேட்டை இடிக்கிற மாதிரி போய், கடைசி நொடியில் நிறுத்தினார். வெளியே நின்றிருந்த பெரியவர் நகரவே இல்லை. ஒல்லியான ஆள். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் விழுந்த டயர் தடத்தைப் பார்த்தார்.

"அருமை" என்றார்.

அத்தான் ஓட்டுவதை அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். அத்தானுக்கு அவரை அங்கேயே பிடித்துப் போயிற்று. எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஷெட். பெரியவர் ஷட்டரைத் தூக்கியதும் உள்ளிருந்த இருட்டு ஒரு மூச்சு விட்ட மாதிரி குளிர்காற்று வந்தது. தோல் வாசனை. பெட்ரோல் வாசனை. இரண்டுக்கும் அடியில் இன்னொரு வாடை. மலையிறங்கி வந்த லாரி பக்கத்தில் நின்றால் வருமே, பிரேக் கருகிய வாடை, அது.

"இப்பதான் ஓட்டினீங்களா சார்?"

"எடுத்து ரொம்ப நாளாச்சு தம்பி."

குனிந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

அவர் காரை மூடியிருந்த துணியை உருவினார். கருநீல நிறம். பானெட் மட்டுமே பாதி கார் அளவுக்கு நீண்டு கிடந்தது. அத்தான் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அப்படியே வைத்துக்கொண்டார்.

நான் டார்ச்சை எடுத்தேன். மீட்டர் பொய் சொல்லலாம். பெடல் ரப்பர் பொய் சொல்லாது. அதிகம் ஓடிய காரில் ரப்பர் தேய்ந்திருக்கும், ஸ்டீயரிங் பளபளக்கும், சீட்டின் ஓரம் நைந்திருக்கும். இதில் எல்லாமே நேற்று வந்த மாதிரி இருந்தன. மீட்டர் உண்மையைத்தான் சொன்னது. இந்தத் தொழிலில் இதைவிடச் சந்தேகத்துக்குரிய விஷயம் வேறில்லை.

அடுத்த பக்கம் போய்க் கதவைத் திறந்தேன்.

பக்கத்து சீட்டின் தோலில் ஒரு சுருக்கம் இல்லை. ஆள் உட்கார்ந்த அடையாளமே இல்லை. ஆனால் கீழே, கால் வைக்கும் இடத்தில், கார்பெட்டில் ஓட்டை. மேட் கிழிந்து, கார்பெட் நைந்து, அடித்தகரம் தெரிந்தது. தகரமும் கொஞ்சம் உள்ளே குழிந்திருந்தது.

ஒரு பாதத்தின் அளவு.

"ஸ்டீயரிங்கை இந்தப் பக்கத்துலேருந்து மாத்தியிருக்கீங்க, சரிதானே?" என்றேன், கையும் களவுமாகப் பிடித்த குரலில். "முன்னாடி இங்கதான் பெடல் இருந்திருக்கு."

பெரியவர் மறுக்கவில்லை. பானெட்டைத் தூக்கித் தயாரிப்புத் தகட்டைக் காட்டினார். ஸ்டீயரிங் பிறந்ததிலிருந்தே அந்தப் பக்கம்தான்.

"அப்ப இங்க உக்காந்தது யாரு?"

"யாரும் உக்காந்ததில்லை தம்பி. இந்தக் கார்ல நான் மட்டும்தான்."

அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் கை என் சட்டையை இறுக்கிப் பிடித்தது.

"எங்க கார்லயும் இதே இடம் தேஞ்சிருக்குடா" என்று கிசுகிசுத்தாள். "இவர் முந்தும்போதெல்லாம் என் கால் தானா மிதிக்கும்."

"அங்க பிரேக் இல்லையே அக்கா."

"அது காலுக்குத் தெரியுமா?"

அதற்குள் பெரியவர் சாவியை அத்தான் கையில் திணித்துவிட்டார். நானும் கூட ஏறப் போனேன். அவர் குறுக்கே கை நீட்டினார்.

"அந்த சீட் காலியா இருக்கட்டும்."

எஞ்சின் உறுமியபோது ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. கார் கேட்டைத் தாண்டிச் சந்துக்குள் பாய்ந்தது. நாங்கள் மூவரும் கேட்டில் நின்று காதால் அதைப் பின்தொடர்ந்தோம். உறுமல் ஏறியது. உடனே ஒரு கிரீச். மறுபடி உறுமல். மறுபடி கிரீச். ஒவ்வொரு கிரீச்சுக்கும் பெரியவர் பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி தலையாட்டினார்.

பிரேக்கில் கோளாறு. அதை மறைத்து எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். நான் அப்படித்தான் முடிவு கட்டினேன்.

அக்கா வேறு எதையோ யோசித்தாள். "உங்க வீட்டம்மா எங்க?" என்று கேட்டாள்.

"போயிட்டா."

"எப்படி?"

"இதுக்கு முந்தின கார்ல. பக்கத்துல உக்காந்துட்டு மெதுவா போங்க, மெதுவா போங்கன்னு சொல்லிட்டே வந்தா. நான் கேக்கலை." அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எனக்கு ஒரு கீறல் இல்லம்மா."

"அப்புறம் இதை வாங்கினீங்களா?" அக்காவின் குரல் மாறியிருந்தது.

"இனிமே மெதுவான்னு சொல்ல ஆள் இல்லையேன்னு வாங்கினேன்."

தூரத்தில் இன்னொரு கிரீச்.

"இல்லைன்னு நெனச்சேன்" என்றார்.

அத்தான் திரும்பி வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. இறங்கியவர் காரை ஒரு தரம் சுற்றி வந்தார்.

"என்ன மச்சான் இது? தெரு முனையைக்கூடத் தாண்ட விட மாட்டேங்குது. தானா பிரேக் பிடிக்குது. சத்தியமா நான் மிதிக்கலை."

எனக்கு நிம்மதி. பட்டியலில் எழுத ஒரு குறை கிடைத்துவிட்டது. பேனாவை எடுத்துக்கொண்டு பெரியவரைத் தேடினேன். அவர் இத்தாலிக் காரின் பக்கத்து சீட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே குனிந்து, தாழ்ந்த குரலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். போன் என்று நினைத்தேன். இரண்டு கையும் கதவில் இருந்தன.

"பாத்தியா? என்னைவிட மோசம். நீ தேவைப்படுறது இவருக்குத்தான்."

பிறகு நிமிர்ந்து, அத்தானின் காரை நோக்கி நடந்தார். வேகமாக நடக்கவில்லை. புடவை கட்டியவர் கூட வந்தால் நடப்போமே, அந்த வேகத்தில் நடந்தார். அந்தக் காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தார். ஒருவர் ஏறி, உட்கார்ந்து, முந்தானையை உள்ளே இழுத்துக்கொள்ளும் நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். மெதுவாக மூடினார்.

அத்தான் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் அதை முழுசாகப் பார்த்தாள்.

"தம்பி, மனசை மாத்திக்கிட்டேன். கார் விக்கலை" என்றார் பெரியவர். அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"பட்டியல் அச்சுக்குப் போகுது சார். உங்களை நம்பித்தானே..."

"அதுலேருந்து என் காரை எடுத்துடுங்க."

அதற்கு மேல் நின்றால் மரியாதை இல்லை. நான் போய் அத்தான் காரின் முன் கதவில் கை வைத்தேன். அக்கா என்னைப் பின்பக்கம் இழுத்தாள்.

"முன்னாடி இடமில்லைடா."

அவள் சிரிக்கவில்லை. இருவரும் பின்னால் ஏறினோம்.

"என்னை டாக்ஸி டிரைவர்னு நெனச்சீங்களா ரெண்டு பேரும்?" என்றபடி அத்தான் கிளப்பினார்.

சந்து தாண்டுவதற்குள் மணி அடிக்க ஆரம்பித்தது. டிங், டிங், டிங். பெல்ட் போடாமல் ஆள் உட்கார்ந்திருந்தால் அடிக்கிற மணி. எந்த சீட் என்று திரையில் சிவப்பாகக் காட்டியது.

முன் சீட்.

"பை எதாவது வச்சிருக்கியா மச்சான்?"

"இல்ல அத்தான்."

"அப்ப சென்சார் அவுட்டு. பெல்ட்டை மாட்டி விடு, மண்டையைக் குடையுது."

நான் பின்னாலிருந்து கையை நீட்டிப் பெல்ட்டை இழுத்தேன். இவ்வளவு நீளம் தேவைப்படாதே என்று தோன்றியது. மாட்டியதும் மணி நின்றது.

பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை.

நடுவில் வளைந்து, எதன் மேலோ படிந்து நின்றது.

ஏறி, இறங்கியது. ஏறி, இறங்கியது.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் சாலையைத் தவிர வேறெதையும் பார்க்கிற வழக்கம் இல்லாதவர். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார்.

பெருஞ்சாலை ஏறியதும் பின்னால் அந்த உறுமல் கேட்டது. கருநீல பானெட் எங்கள் ஜன்னலோரம் நீண்டு வந்தது. பெரியவர்தான். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினார். வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு தரம்கூட கிரீச் இல்லை. எங்கள் முன் சீட்டைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, சட்டென்று முந்திப் பறந்தார்.

அத்தானின் காது மடல் சிவந்தது.

"விக்க மாட்டாராம். என்னையே முந்துறாராம்!"

"வேணாங்க" என்றாள் அக்கா.

அத்தான் அழுத்தினார். மரங்கள் கோடாக மாறின. முன்னால் மலைப்பாறையை ஒட்டி ஒரு வளைவு. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. கருநீலக் கார் வேகம் குறையாமல் அதற்குள் நுழைந்து மறைந்தது.

"மெதுவா போங்க... மெதுவா..."

அக்கா சொல்லவில்லை. அவள் உதடு மூடியிருந்தது.

முன் சீட்டுக்குக் கீழே தகரம் நெளிகிற ஒரு சத்தம்.

கார் தரையைக் கவ்விக்கொண்டு நின்றது. நானும் அக்காவும் முன் சீட்டுகளில் மோதி விழுந்தோம். அத்தான் இரண்டு காலையும் மேலே தூக்கிக் காட்டினார்.

வளைவுக்கு அந்தப் பக்கம் உறுமல் இன்னும் கேட்டது. அதன்மேல் ஒரு லாரியின் ஹாரன். பிறகு பெரிய சத்தம் ஒன்று. பிறகு எதுவுமே இல்லை. பாறை மேலிருந்து பறவைகள் மட்டும் எழும்பிப் போயின.

நாங்கள் நின்ற இடத்துக்கும் வளைவுக்கும் நடுவே ஒரு காரின் நீளம்கூட இல்லை.

அத்தான் இறங்கினார். நானும் இறங்கினேன். அக்கா அசையவில்லை. முன் சீட்டின் பக்கம் தலையைச் சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, வா. பெரியவருக்கு என்னாச்சுன்னு பாக்கலாம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பயம் தெளிந்த முகம். கல்யாணத்துக்குப் பிறகு அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாருங்க" என்றாள் மெதுவாக. "அவங்க வரலையாம்."