கயிறு பின்னால் வந்தது

கலேவெல அரிசி மில்லுக்குள், தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார் ஹுசைன்.

நெஞ்சில் கத்தி. பிடி வரைக்கும்.

"நான்தான் சேர் குத்தினேன்."

இன்ஸ்பெக்டர் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினான் மில் டிரைவர் இத்ரூஸ்.

இன்ஸ்பெக்டருக்கு வேலை மிச்சம். விலங்கை மாட்டினார்.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று... பொலிஸ் வருவதற்கு முன்பே மில்லின் கணக்கு அறையில், கந்தோரில், நடந்து முடிந்திருந்தது.

குத்தியவர் முதலாளி ஸக்கரியா. ஹுசைன் அவருடைய வியாபாரப் பங்காளி. பேச்சு முற்றியது... கை முந்திவிட்டது. முதலாளி முதலில் போன் செய்தது தன் சட்டத்தரணிக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், புரொக்டர் சிவசுப்பிரமணியம். பக்கத்து ஊரிலிருந்து காரில் பறந்து வந்தார்.

"இப்ப தூக்கு இல்ல இத்ரூஸ். நிப்பாட்டிட்டாங்க. மறியல் மட்டுந்தான், உள்ள இருந்துட்டு வந்துரலாம்." ஸக்கரியா அவன் தோளைப் பிடித்தார். "நீ ஏத்துக்க. என்னோட ரெண்டு ஏக்கர் வயல் ஒன் பொஞ்சாதி றாபியா பேருக்கு."

இத்ரூஸுக்கு மூன்று பெண் பிள்ளைகள். சொந்தமாக ஒரு முழ நிலம் கிடையாது.

இத்ரூஸ் முதலாளியை நம்பவில்லை. புரொக்டரைப் பார்த்தான்.

"பொறகு தூக்கு திரும்பி வந்தா சேர்?"

"வந்தாலும் உமக்குப் பொருந்தாது. செய்த நாளில என்ன சட்டமோ, அதுதான். சட்டம் பின்னோக்கி நடக்காது. நடந்தா அதுக்குப் பேர் சட்டமில்லை."

புரொக்டர் அதை மனதார நம்பினார். அதுதான் கொடுமை.

அது 1959 ஓகஸ்ட்.

செப்டெம்பரில், கொழும்பில், பிரதமரைச் சுட்டார்கள்.

டிசெம்பரில் தூக்கு திரும்பி வந்தது. இனிமேல் செய்யும் கொலைக்கு மட்டுமல்ல... ஏற்கெனவே செய்த கொலைக்கும்!

பிரதமரைச் சுட்டவன் கழுத்துக்கு அளவெடுத்த கயிறு. இத்ரூஸின் கழுத்தையும் சேர்த்து இழுத்தது.

கண்டி மறியல். கம்பிக்கு அந்தப் பக்கம் இத்ரூஸ். இந்தப் பக்கம் புரொக்டர்... தலை குனிந்தபடி.

"வயல் எழுதியாச்சா சேர்?"

"இன்னும் இல்லை. வழக்கு முடியட்டும் எண்டு முதலாளி சொல்லுறார்."

"சட்டம் பின்னால நடக்காதுன்னீங்களே?"

"நடந்திட்டுது."

"அப்ப நான் கோர்ட்டுல உண்மையச் சொல்லப் போறேன்."

"மஜிஸ்திரேட்டுக்கு முன்னால ஒப்புக்கொண்டிட்டீர். இப்ப மறுத்தா, கயித்துக்குப் பயந்து புளுகுறான் எண்டுதான் ஜூரி நினைக்கும்."

"எனக்குச் சாட்சி இருக்கே."

"ஆர்?"

"நீங்கதான் சேர். மொதலாளி ஒங்க முன்னாலதானே எல்லாத்தையும் சொன்னாரு?"

புரொக்டர் அக்கம்பக்கம் பார்த்தார். குரல் தானாக இறங்கியது.

"என்னால ஏலாது. கட்சிக்காரர் எங்களிட்டச் சொன்னது ரகசியம். அதை வெளியில சொல்லச் சட்டம் விடாது. வெள்ளைக்காரன் காலத்தில இருந்து அதுதான் சட்டம்."

இத்ரூஸ் சிரித்தான். கைதாகி இத்தனை மாதத்தில் அன்றுதான் சிரித்தான்.

"அத மட்டும் இன்னும் யாரும் மாத்தல்லையா சேர்?"