கடைசி மூன்று தப்படி

வழக்கமாக மகள் பென்சிலைத்தான் சீவிக் கொடுப்பாள். அன்று பேனாவை நீட்டினாள்.

இருவருக்கும் நடுவில் அது ஒரு ரகசிய ஏற்பாடு. மண்டையைக் குடைகிற கணக்கை அம்மா பென்சிலால் மங்கலாகப் போட்டுத் தருவாள். மகள் அதன் மேலேயே பேனாவால் எழுதிவிட்டு, பென்சில் கோட்டை அழித்துவிடுவாள். டீச்சருக்குச் சந்தேகமே வராது. மருந்துக்கடையில் நாளெல்லாம் மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு இந்த ஒரு மணி நேரம்தான் ஆறுதல். கணவர் இருந்தவரை இது அவருடைய வேலை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், வாசலில் கிடந்த செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் அவர் போய்விட்டார். அவருடைய சாமான்களைப் பின்னறையில் போட்டுப் பூட்டினாள். அவரைத் திட்டாத நாள் இல்லை.

“இன்னைக்கு நீயே பேனாவால எழுதிடும்மா. எனக்குக் கை வலிக்குது,” என்றாள் மகள்.

பத்து வயதில் கை வலியாம். அம்மா சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கினாள். பள்ளி நோட்டு மாதிரி இல்லை. அட்டை ஈரம் பட்டு உப்பியிருந்தது. மழையில் நனைந்து காயாத சாக்கின் வாடை அடித்தது. உள்ளே உருட்டி உருட்டி எழுதிய முதல் கணக்கு. ஒரு வீட்டில் ஆளுக்கு ஒரு டம்ளர் பால் குடித்தார்கள். கழுவத் தொட்டியில் கிடப்பது மூன்று டம்ளர். வீட்டில் எத்தனை பேர்?

இதெல்லாம் ஒரு கணக்கா என்று மூன்று போட்டாள். போட்ட பிறகுதான் சமையலறைத் தொட்டி நினைவுக்கு வந்தது. அங்கேயும் மூன்று டம்ளர்தான் கிடந்தன. மகள் இரண்டு முறை குடித்திருப்பாள் என்று வேலையிலிருந்து வந்ததும் நினைத்திருந்தாள்.

இரண்டாவது கொஞ்சம் குசும்பானது. பின்னறையிலிருந்து கூடத்துக்குப் பதினைந்து தப்படி. வருகிறவர் நிமிடத்துக்கு மூன்று தப்படி முன்னால் வைப்பார், உடனே ஒரு தப்படி பின்னால் சறுக்குவார். ஆறரைக்குக் கிளம்பினால் எப்போது வந்து சேருவார்?

“ஏழரை நிமிஷம்னு அவசரப்பட்டு எழுதக் கூடாது,” என்றாள், தன் கெட்டிக்காரத்தனத்தில் தானே மகிழ்ந்து. ஆறு நிமிடத்தில் பன்னிரண்டு தப்படி. ஏழாவது நிமிடம் மூன்று வைத்தால் வந்தாயிற்று. வந்து சேர்ந்தவர் எதற்குச் சறுக்க வேண்டும்? ஆறு முப்பத்தேழு என்று அழுத்தி எழுதினாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு முப்பத்து மூன்று.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. பின்னறைக்குப் போகும் நடைவழியில், விளக்கு எட்டாத திருப்பத்துக்கு அந்தப் பக்கம், ஈரத் துணி மூட்டையைத் தரையில் வைப்பது போல, மெத்து, மெத்து, மெத்து என்று மூன்று முறை. பிறகு ஒரு நீண்ட இழுப்பு. சாக்கு வாடை நோட்டிலிருந்து மட்டும் வரவில்லை என்பது மூக்குக்குப் புரிந்தது.

மகளைப் பார்த்தாள். மகள் எதிர் நாற்காலியில் இல்லை. வாசல் கதவருகே நின்றிருந்தாள். காலில் செருப்பு, தோளில் பை.

மூன்றாவது கணக்கு ஒரே வரி. வருகிறவர் ஒருவரைத்தான் கூட்டிப் போவார், விடை எழுதிய கை யாருடையதோ அவரை. யாரை?

பக்கங்களைப் புரட்டினாள். நோட்டின் முதல் பக்கத்தில் இதே கணக்குகள். அப்போது டம்ளர் நான்கு. விடைகள் பேனாவில். சாய்ந்த, அவசரமான அந்தக் கையெழுத்தோடுதான் அவள் பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தினாள். அவர் தானாகப் போகவில்லை. எட்டு மாதம் வீணாகத் திட்டியிருக்கிறாள்.

மெத்து. மெத்து. மெத்து. இழுப்பு.

“பின்னறைக் கதவுக்குக் கீழ வழியா நோட்டு வருது,” என்றாள் மகள். குரலில் அழுகை இல்லை. “நான் எழுதினா என்னைக் கூட்டிட்டுப் போயிடும். அப்பா எழுதினதால எட்டு மாசம் அது வரல.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி.”

“சொன்னா நீ எழுதியிருக்க மாட்ட.”

கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ் விழும் ஓசை. பெற்று, பாலூட்டி, கணக்குச் சொல்லிக் கொடுத்தவளை விட்டுவிட்டுச் செருப்புச் சத்தம் படியிறங்கியது. பயத்தைவிட அதுதான் நெஞ்சை அறுத்தது. கதவைத் தட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். படியில் ஒரு நொடி நின்ற கால்கள் மறுபடி இறங்கின.

முப்பத்தாறு.

சத்தம் திருப்பத்தைத் தாண்டிவிட்டது. மெத்து, மெத்து, மெத்து. இழுப்பு. இன்னும் மூன்று தப்படி. அவள் கதவோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். திரும்பவில்லை. கடிகார முள் நகர்ந்தது.

மெத்து.

மெத்து.

மெத்து.

இழுப்புக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஈரமான ஒரு கை, அவள் தோளுக்கு மேலாக, கணவர் பேனா பிடிப்பது போலவே மூன்று விரலைக் குவித்து, அவள் விட்டுவந்த நோட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டியது. மூன்றாவது கணக்கில் ‘யாரை?’ என்பதற்கு விடை எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.