பூசாத ஒரு முழம்

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சிம்ஹா, கையில் ரொட்டிக் கத்தியோடு தரையில். அவள் கொழுந்தன் மெயீர், பாதி சவரம் செய்த முகத்தோடு. அவன் மனைவி ஒர்லி, ஆறு மாத வயிற்றோடு. ஒர்லியின் அம்மா ஜானெத், பஸ்கா பண்டிகை வேலைக்கு உதவ வந்தவள். இதுவரை ஒரு பாத்திரத்தைக்கூடத் தொடவில்லை. சிம்ஹாவின் கணவன் ஷாவுல் இல்லை. அவன் சீனாயில் போரில் செத்து எத்தனையோ பஸ்காக்கள் ஆகிவிட்டன.

வாசலுக்கு நேர் எதிர்ச்சுவரில் ஒரு முழச் சதுரம் எப்போதும் பூசாமல் கிடக்கும். நேற்று ஒர்லி ஆள் வைத்து அதைப் பூசி மூடினாள். விடிவதற்குள் சிம்ஹா அதைச் சுரண்டி எடுத்துவிட்டாள். ஈரப் பூச்சு எளிதாக உதிர்ந்தது. பழைய விளிம்பு மட்டும் இறுகி நின்றது.

"ஐயோ... என் சுவரு!" ஒர்லி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏன்க்கா இப்படிப் பண்றீங்க? பிறக்கப்போற குழந்தை முழுசான வீட்டைப் பார்க்கக் கூடாதா?"

"எருசலேம்ல எந்த வீடும் முழுசா இருக்கக் கூடாது. ஆலயம் இடிஞ்சு கிடக்கிறப்ப நமக்கு மட்டும் என்ன முழு வீடு?"

"இடிஞ்சு ரெண்டாயிரம் வருஷமாச்சு! ஊரே நம்ம கைக்கு வந்தாச்சு! இன்னும் எதுக்கு இந்த ஒப்பாரி?"

ஜானெத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆலயமாவது ஒண்ணாவது! இது என் வீடுன்னு காட்டிக்கிறா. பிள்ளை இல்லாத விதவை, நம்ம சட்டப்படி கொழுந்தன் விடுவிச்சாத்தான் வேற கல்யாணம். சரி. இந்தப் பையனுக்குப் பதிமூணு வயசானதும் ரப்பிங்க முன்னாடி அவன் செருப்பைக் கழட்டி விடுதலை வாங்கினியேம்மா! அப்பவே போயிருக்கலாம்ல? வீட்டு மேல ஆசை!"

சிம்ஹா கத்தியில் ஒட்டிய சாந்தைத் துடைத்தாள். ஆசைதான். ஆனால் வீட்டின் மேல் அல்ல. அன்று செருப்பு கழற்றப்பட்ட, தாய் தகப்பன் இல்லாத பையன், "இனி நீங்க போயிடுவீங்களா அண்ணி?" என்று வெறுங்காலோடு கேட்டான். அவள் போகவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் பிறர் ரத்தத்தைத் துவைத்து அவனைப் படிக்க வைத்தாள். பெண் கேட்டு வந்த இருவரைத் திருப்பி அனுப்பினாள். இதெல்லாம் சொல்லிக் காட்டுகிற விஷயமா?

"நீங்களே சொல்லுங்க," ஒர்லி மெயீர் பக்கம் திரும்பினாள். அழுதுகொண்டே கத்தினாள். "நான் வேணுமா, அந்தக் குட்டிச்சுவரு வேணுமா?"

மெயீர் பேசவில்லை. முகத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது. சிம்ஹா காத்திருந்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவ்வளவுதான்... அவளுக்குப் புரிந்துவிட்டது.

கத்தியைக் கீழே வைத்தாள்.

"இந்தச் சுவரைக் கட்டினப்ப உனக்கு மூணு வயசு. இங்கேதான் உக்காந்து சாந்தைத் தின்னுட்டு இருந்தே. அளக்க ரப்பி ஒரு குச்சி கொடுத்தார். உங்க அண்ணன் அதைத் தூக்கிப் போட்டார். 'என் வீட்டுக்கு என் முழம்'னு முழங்கையைச் சுவருல வச்சு, விரல் நுனியில கோடு போட்டார். கல்லறையில பேருதான்டா இருக்கு. அந்தக் கையை நான் வேற எங்கே போய்ப் பார்க்கிறது?"

ஜானெத் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

மெயீர் மெல்ல நடந்து போய் விளிம்பில் முழங்கையை வைத்தான். கையை நீட்டினான். நடுவிரல் மறு விளிம்புக்கு ஒரு நகம் அளவு முன்னால் நின்றுவிட்டது.

"எட்டலை அண்ணி..." என்றான். அப்படியே சரிந்து அழுதான். ஒர்லி ஓடிவந்து சிம்ஹாவைக் கட்டிக்கொண்டாள். "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" சிம்ஹா அவள் முதுகைத் தடவினாள். வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது அவளுக்கும் தெரிந்தது.

பிறகு உள்ளே போய்ப் பையோடு வந்தாள்.

"எங்கே அண்ணி?"

"பேர்ஷெபாவுல என் தங்கச்சி வீட்டுக்கு."

"அதான் புரிஞ்சுக்கிட்டோமே! இனி அதை யாரு தொடப்போறா?"

"தொடாதீங்க. வீட்டுக்கு அந்த ஒரு குறை போதும். நானும் இன்னொரு குறையா இருக்க வேண்டாம்." குரல் உயரவில்லை. "நீ பேசாம நின்னே பாரு மெயீர், அப்பவே நான் வெளியே போயாச்சு."

நிலைக்காலில் பதித்திருந்த மெசூசாவை, உள்ளே வேத வசனம் சுருட்டி வைத்த அந்தச் சின்னக் கூட்டை, தொட்டு விரலை முத்தமிட்டாள். சாவியை அவன் கையில் வைத்தாள்.

"பூட்டு."

"மாட்டேன்."

"பூட்டுடா. திறந்து கிடந்தா திரும்பி வந்துடுவேன்."

அவன் கதவைச் சாத்தினான். அவள் படியில் இறங்காமல் நின்றாள். உள்ளே ஒர்லி விம்முவது கேட்டது. வெகுநேரம் கழித்து, பூட்டில் சாவி திரும்பியது.