நீலப் படகு மட்டும் காய்ந்திருந்தது

கவிழ்த்து வைத்திருந்த படகை நிமிர்த்தியபோது உள்ளே தண்ணீர் நின்றது.

உதய் அப்படியே நின்றுவிட்டான். பேத்தமங்களா ஏரிக்கரைக் கொட்டகையில், தகரக் கூரைக்கு அடியில், தீபாவளியிலிருந்து குப்புறக் கிடந்த படகு அது. குப்புறக் கிடக்கிற குண்டானில் எந்த ஊரில் தண்ணீர் நிற்கும்? ஆனால் நின்றது. இருக்கைக்கு அடியில், ஒரு சொம்பு அளவுக்கு, தூசி தும்பு விழாத கறுத்த தண்ணீர். விரலை விட்டான்; சில்லிட்டது. மோந்து பார்த்தான். ஏரி வாடை இல்லை. ஈரக்கல்லும் வெடிமருந்தும் கலந்த வாடை. தங்கவயல்காரனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? ஷிப்ட் முடிந்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்திலிருந்து மேலே வந்த ஆளின் சட்டையில் அடிக்கிற வாடை. சுரங்கம் மூடி மாசக்கணக்காகிறது. அந்த வாடையோடு வீடு திரும்ப ஊரில் இப்போது ஆளே கிடையாது.

கூரை ஒழுகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு பழந்துணியால் ஒற்றி எடுத்தான். அடுத்த படகை நிமிர்த்தினான். அதிலும் ஒரு சொம்புத் தண்ணீர். அதற்கடுத்ததிலும் அதே.

ஆளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆளுக்கேற்ற படகு பொறுக்குவதில் உதய்யை அடிக்க முடியாது. அந்தப் பெருமையை நாம் பிடுங்க வேண்டாம். காசு கட்டி ஏரியில் படகோட்ட வரும் பெங்களூர் கம்பெனி ஆட்கள் ஜீப்பை விட்டு இறங்கும்போதே கண்ணால் எடை போட்டுவிடுவான். பயந்தவருக்கு அடி அகலமான படகு. துடுப்புப் போடத் தெரிந்தவருக்கு நீளமாக, ஒல்லியாக. அது நேராக ஓடும், ஆனால் இடுப்பை ஆட்டினால் கவிழ்த்துவிடும். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பான். காது வரை ஏறினால் கழற்றச் சொல்லி வேறு கொடுப்பான். அரிசி, அடுப்பு, டென்ட் எல்லாம் ரப்பர் பையில், படகின் நடுவில், தாழ்வாக. அப்பா பெரிய தொழிற்சாலையில் இஞ்சினியர். மகனுக்கும் அந்தக் கணக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. நல்ல சாமானெல்லாம் காசு கொடுத்தவருக்கு, மிஞ்சியது தன்னிடம் வேலை பார்க்கிறவனுக்கு. இதுதான் அவன் சட்டம்.

வாசலில் நிழல் விழுந்தது. இசபெல்லா நின்றுகொண்டிருந்தாள். உதய்யிடம் படகு வேலை பார்த்து, போன வருஷம் இதே ஏரியில் செத்துப்போன டேவிட்டின் சம்சாரம். கையில் ஒரு மெழுகுவத்திக் கட்டு.

"இன்னிக்கு அவரு வருஷம்" என்றாள். "கரையில வத்தி ஏத்திட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஏத்துங்கக்கா. யாரு வேணாம்னது?"

"ஒரே ஒரு வார்த்தைங்க. ஃபாதர்கிட்ட வந்து உண்மையைச் சொல்லிடுங்க. கேஸு வேணாம், காசு வேணாம். குடிச்சிட்டுச் செத்தான்னு ஊரே பேசுது. எம் பொண்ணுக்கு வந்த சம்பந்தம் அதாலதான் போச்சு."

"எனக்கு இன்னாக்கா தெரியும்? டோக்கனை எடுத்துக்கினாரு. அப்பாலே அவரா மறுபடி இறங்கினாரு."

இசபெல்லா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "சுரங்க ஷாஃப்ட்ல இறங்கின ஆளுங்க அவரு. டோக்கனை எடுத்துட்டா வேலை முடிஞ்சுது, வீடுதான். எடுத்துட்டு மறுபடி இறங்கமாட்டாரு. இது எங்க லைன் வீடுங்கள்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"போங்கக்கா. ஆளுங்க வர நேரம்."

"போறேன். நான் கேக்கறது இதோட சரி. இனிமே அவரே வந்து கேட்டுக்கட்டும்."

அவள் போய்விட்டாள். ஆனால் அந்த வாடை போகவில்லை.

டோக்கன் பழக்கத்தை ஏரிக்குக் கொண்டுவந்தவனே டேவிட்தான். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் பலகையில் தன் பித்தளை டோக்கனை மாட்டிவிட்டு இறங்குவான். மேலே வந்ததும் எடுத்துக்கொள்வான். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் உள்ளே. போய்த் தேடு என்று அர்த்தம். போன வருஷம் இதே நாள், சாயங்காலம், எங்கிருந்தோ காற்று கிளம்பியது. விருந்தாளிகள் எல்லாரும் கரையேறினார்கள். ஒட்டுப் போட்ட நீலப் படகை டேவிட்டுக்கு ஒதுக்கியது உதய்தான். பலகையில் டேவிட்டின் டோக்கன் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. விஷயம் போலீசுக்குப் போனால் தொழில் மண்ணாகிவிடும். பாவி என்ன செய்தான் தெரியுமா? யாரும் பார்ப்பதற்குள் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "டேவிட்டா? அப்பவே வந்துட்டாரு. எல்லாரும் வந்தாச்சு, படுங்க" என்றான்.

டேவிட் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான். உதய் சார், உதய் சார் என்று விடிய விடியக் கூப்பிட்டான். கொட்டகையில் படுத்திருந்த உதய்க்கு அது நன்றாகவே கேட்டது. போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டான். காலையில் பிணத்தைக் கரைக்கு இழுத்தபோது, அந்த ஈர நிஜார்ப் பையில் டோக்கனைத் திணித்து, குடித்துவிட்டு மறுபடி இறங்கினான் என்று கதை கட்டியவனும் அவனே.

சரி, இன்றைய வேலைக்கு வருவோம். நேத்ரா, அவன் சம்சாரம், மத்தியானமே ஜீப்பில் அரிசியையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு மண் ரோட்டில் சுற்றி அக்கரைக்குப் போய்விட்டாள். சமையல் அங்கே. விருந்தாளிகள் படகில் ஏரியைக் கடந்து போய் ராத்திரி டென்ட்டில் தங்குவதாக ஏற்பாடு. படகுகளைத் துடைத்துத் துடைத்து விருந்தாளிகளுக்குக் கொடுத்தான். அவர்கள் ஏறி உட்கார்ந்ததும் எல்லாம் சுத்தமாகக் காய்ந்துவிட்டன. தனக்கென்று எடுத்து வைத்த பச்சைப் படகில் மட்டும் துடைக்கத் துடைக்கத் தண்ணீர் ஊறியது. மேலே வானம் பளிச்சென்று இருந்தது. படகின் அடியில் ஓட்டை இல்லை. உள்ளே கணுக்கால் உயரம் வந்துவிட்டது.

அப்போதுதான் வரிசைக் கடைசியில் அதைப் பார்த்தான்.

நீலம். மூக்கில் அதே கறுப்பு ஒட்டு. கொட்டகைக்குப் பின்னால் முள்ளுக்குள் அவனே தள்ளிவிட்ட படகு. இப்போது நிமிர்ந்து, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே கையை வைத்துத் தடவினான். காய்ந்திருந்தது. வெயிலில் போட்ட வடாம் போல மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

"முனியப்பா! இதை நீதானே எடுத்து வெச்சே?"

விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய வேலையாள் முனியப்பன் துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினான். "நான் எதுக்குங்க அதைத் தொடறேன்? நீங்கதான் வெச்சீங்கன்னு நெனைச்சேன்."

படகுகள் நகர்ந்துவிட்டன. சிரிப்பும் துடுப்புச் சத்தமும் தூரப் போய்க்கொண்டிருந்தன. டென்ட் மூட்டை உதய்யிடம்தான் இருந்தது. போகாமலிருக்க முடியாது. ஒரு வாளித் தண்ணீரை நீலப் படகுக்குள் ஊற்றிப் பார்த்தான். சொட்டு வெளியே வரவில்லை. கவிழ்த்துக் கொட்டினான். இருப்பதிலேயே நல்ல ஜாக்கெட்டைப் பொறுக்கி மாட்டிக்கொண்டான், தோள்பட்டையைத் தானே தூக்கிப் பார்த்தான். கச்சிதம். செத்தவன் படகு கேட்டு வருவானா, போடா பைத்தியக்காரா என்று வாய்விட்டே சொன்னான்.

இறங்கினான்.

ஏரி அசையவில்லை. மேற்கே சிவப்பு வடிந்துகொண்டிருந்தது. கரையோரத்தில் இசபெல்லா ஏற்றிய வத்திகள் வரிசையாக எரிந்தன, அவள் இல்லை. துடுப்பைப் போடும் ஒவ்வொரு முறையும் பின்னால் இன்னொரு துடுப்பு விழும் சத்தம் கேட்டது. அவன் நிறுத்தினால் அது அரை மூச்சு தள்ளி நின்றது. மறுபடி போட்டான். மறுபடி கேட்டது. எதிரொலிதான். ஏரி நடுவில் எதில் பட்டு எதிரொலிக்கும் என்று அவன் யோசிக்க விரும்பவில்லை. திரும்பிப் பார்க்கவும் விரும்பவில்லை. ஈரக்கல் வாடை பிடரியில் மூச்சு போல வந்து வந்து போயிற்று.

பாதி தூரம் வந்தபோது கால் நனைந்தது.

குனிந்தான். பாதம் முழுகியிருந்தது. கறுத்த தண்ணீர். எங்கேயும் ஓட்டை இல்லை. ஒட்டு பிரியவில்லை. கையால் அள்ளிக் கொட்டினான். முழங்காலுக்கு வந்தது. டென்ட் மூட்டையைத் தூக்கி எறிந்தான். இடுப்புக்கு வந்தது. சில்லென்று. அய்யோ.

படகு மெதுவாகப் புரண்டது. அவசரமே இல்லாமல். யாரோ தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைப்பது மாதிரி.

மூழ்கி எழுந்தான். படகின் முதுகைப் பிடித்தான். ஜாக்கெட் மிதக்கவில்லை. நனைந்த கோணிப்பை போலக் கீழே இழுத்தது. பக்கிளைப் பிடித்து இழுத்தான், கழலவில்லை. கால்கள் மரத்துவிட்டன. நீந்தத் தெரிந்தவன்தான். கால்கள்தான் கேட்கவில்லை.

"முனியப்பா! நேத்ரா!"

அக்கரையில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். வெளிச்சத்தில் ஒவ்வொருவராக நன்றாகத் தெரிந்தார்கள். டேப் ரிக்கார்டரில் பாட்டு. யாரும் திரும்பவில்லை.

"நேத்ரா! இங்கே! ஏரியிலே!"

அப்போது கரையில் ஒரு ஆள் தண்ணீரை விட்டு ஏறினான். பின்னால் ஒரு படகை இழுத்துக்கொண்டு. சொட்டச் சொட்ட. விருந்தாளிகள் கைதட்டினார்கள். "வந்துட்டாரு கேப்டன்!" என்று யாரோ கத்தியது தண்ணீர் மேல் தெளிவாக வந்தது. முனியப்பன் ஓடிப்போய்ப் படகை வாங்கிக்கொண்டான். எல்லாரும் வந்தாச்சு என்று சொன்னது நேத்ராவின் குரல்.

இல்லை. இல்லை. நான் வரலை. நான் இங்கே இருக்கேன்.

அந்த ஆள் உதய்யின் சட்டையைப் போட்டிருந்தான். உதய்யின் உயரம். ஆனால் நடை வேறு. கேஜுக்குள் தலை இடிக்காமலிருக்க வருஷக்கணக்காகக் குனிந்து பழகியவன் நடை.

உதய்க்குத் தொண்டை கிழிந்தது. ஒரு வருஷமாக உள்ளே அடைத்து வைத்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. "நான்தான் எடுத்தேன்! டோக்கனை நான்தான் எடுத்தேன்! அவரு குடிக்கலை! கூப்பிட்டாரு, எனக்குக் கேட்டுச்சு! இசபெல்லாக்கா! ஃபாதர்கிட்ட சொல்றேன், ஊர் முழுக்கச் சொல்றேன், என்னை விட்டுடுங்க டேவிட்!"

கரையில் பாட்டு மாறியது. யாரோ சிரித்தார்கள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

ஒன்று திரும்பியது.

நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அது. நேத்ரா குனிந்து அதன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "இன்னாங்க இது, துவட்டத் துவட்டத் தண்ணி கொட்டுது" என்று செல்லமாகக் கடிந்துகொண்டாள். துண்டுக்கு அடியில் முகம் வீங்கி, வெளுத்து, நெருப்பு வெளிச்சத்தில் நனைந்த மாவு மாதிரி இருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துச் சிரித்தாள்.

விரல் ஒன்று வழுக்கியது. இன்னொன்று.

நேத்ரா தட்டில் சோறு போட்டு அதன் கையில் கொடுத்தாள். ஏரியை விட்டுக் கண்ணை எடுக்காமல், அது நிதானமாகப் பிசைந்து சாப்பிடத் தொடங்கியது.