பன்னிரண்டாவது வெள்ளை

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் இல்லை ருய்லின். தைப்பேயில் ஒரு பதிப்பகத்தில் பத்து வருடம் பக்கம் வடிவமைத்தவள். ஒரே கட்டிலிருந்து உருவிய இரண்டு தாள்களைக் காட்டினால்கூட, ஒன்றில் மஞ்சள் ஓடியிருக்கிறது, இன்னொன்றில் நீலம் ஓடியிருக்கிறது என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். அதனால், ஏழு மாத வயிற்றோடு கீலுங் நகரத்தின் ஒரு பழைய கட்டிடத்தில் நான்கு மாடி ஏறிப் புது வீட்டுக்கு வந்தபோது, அவள் கையில் பதினொரு வண்ண அட்டைகள் இருந்ததில் வியப்பு ஏதும் இல்லை.

மழை பெய்துகொண்டிருந்தது. கீலுங்கில் மழை பெய்யாத நாளைத்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.

"வெள்ளைன்னு கேட்டு நாலு வாளி வாங்கினா வேலை முடிஞ்சுது. இதுல பதினொண்ணு எதுக்கு?" என்றான் அவள் கணவன் காய்செங், பெட்டிகளை இறக்கி வைத்தபடி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அவனுக்கு உலகத்தில் இருப்பது ஒரே வெள்ளை.

"நீ சோறு வாங்கிட்டு வா. அதுல மட்டும் உன் பேச்சைக் கேக்கறேன்."

கூடத்துக்கு அரிசி வெள்ளை, படுக்கையறைக்குத் தந்த வெள்ளை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். குழந்தைக்கான சின்ன அறைதான் பிடிகொடுக்கவில்லை. அது மலைப்பக்கம் பார்த்த அறை. வெயில் நேராக விழாது. மஞ்சள் கலந்த வெள்ளை அங்கே அழுக்காகத் தெரியும், நீலம் கலந்தது ஆஸ்பத்திரி போல இருக்கும். காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அவள் உட்காரத் தயாராக இருந்தாள். இதற்கு முன் இரண்டு கரு மூன்றாம் மாதம் தாண்டாமல் கலைந்திருந்தன. இதுதான் தங்கியது. இந்த அறையில் ஒரு குறை இருந்தால் அவள் மனம் ஆறாது.

வண்ணம் பூச வந்தவர் லியாவ் மேஸ்திரி. அறுபது வயது, வாயில் எப்போதும் பாக்கு. வந்ததும் வாளியைத் திறக்கவில்லை, பையிலிருந்து பஞ்சாங்கத்தைத் திறந்தார்.

"முதலாளியம்மா, வயித்துல புள்ளை இருக்கிற வீடு இது. கருத்தெய்வம் இன்னிக்கு எந்த மூலையில உக்காந்திருக்குன்னு பாக்காம நான் பிரஷ்ஷத் தொட மாட்டேன். அது இருக்கிற எடத்துல சுரண்டினாலோ ஆணி அடிச்சாலோ புள்ளைக்கு ஆகாது."

"எங்க இருக்காம்?"

"அடுப்புல. அப்ப இந்த ரூம்ல தாராளமா வேலை பாக்கலாம்." பாக்கை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "நீங்க வேணா இன்னிக்குச் சமைக்காம ஓட்டலுக்குப் போங்க."

முன்பு இருந்தவர்கள் அந்த அறையின் ஒரு சுவரை மறைத்து ஒரு பெரிய அலமாரியை விட்டுப் போயிருந்தார்கள். காய்செங்கும் மேஸ்திரியும் சேர்ந்து அதை நகர்த்தினார்கள். சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஒரு திட்டு இருந்தது.

திட்டும் வெள்ளைதான், சுற்றியிருந்த சுவரும் வெள்ளைதான். ஆனால் இது வேறு வெள்ளை. முழங்காலை மடக்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்த ஒரு சிறு பிள்ளையின் அளவு.

"ஈரமா?" என்றாள்.

மேஸ்திரி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இந்த ஊர்ல மழைக்குச் சுவர் பூத்து உதிரும், பாத்திருப்பீங்க. இது அது இல்ல. காஞ்சு கெடக்கு. ஆனா ஜில்லுனு இருக்கு." கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

பட்டி பார்த்தார். பிரைமர் அடித்தார். அதன் மேல் பனி வெள்ளை பூசினார். ஈரமாக இருந்தவரை எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. மதியம் காய்ந்ததும் திட்டு அப்படியே மேலே வந்துவிட்டது.

மறுநாள் முத்து வெள்ளை. அதற்கு அடுத்த நாள் அல்லி வெள்ளை. ஒவ்வொரு வெள்ளைக்கும் இரண்டு கோட். ருய்லின் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, ஜன்னலில் மழை வழிய, அதையே பார்த்தாள். திட்டு எந்த வெள்ளையையும் ஏற்கவில்லை. வண்ணத்தின் நெடி அறையெங்கும் இருந்தது, அந்த இடத்தில் மட்டும் இல்லை. அங்கே குனிந்தால் புளித்த பாலின் வாசனை வந்தது.

சாப்பாட்டுக்கு வந்த காய்செங்கிடம் சொன்னாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாங்க," என்று மீன் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டே சிரித்தான் அவன்.

"இருண்டா நான் பயந்திருக்க மாட்டேன். இது வெளுக்குது."

பதினொரு வெள்ளையும் தீர்ந்த அன்று மேஸ்திரி தகட்டை எடுத்துத் திட்டின் ஓரத்தைச் சுரண்டினார். ஏடு ஏடாக வந்தது. இவர்கள் பூசிய பதினொன்றுக்குக் கீழே இன்னொரு வெள்ளை. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே, இப்போது கடையில் கிடைக்காத பழைய சுண்ணாம்பு வெள்ளைகள். ஒன்றுபோல் ஒன்று இல்லை. பக்கத்துச் சுவரைச் சுரண்டினால் கீழே பழைய பூச்சு ஒன்றுதான்.

மேஸ்திரி பாக்கைத் துப்பிவிட்டு வந்தார். குரலும் இறங்கியிருந்தது.

"இங்க குடியிருந்தவங்க எல்லாரும் உங்கள மாதிரியே தேடியிருக்காங்கம்மா. கடைசில அலமாரிய வெச்சு மறைச்சுட்டாங்க. நாமளும் மறைச்சுருவோம்."

"இங்கதான் தொட்டில் வரணும் மேஸ்திரி. வேற எடமே இல்ல."

அவர் பஞ்சாங்கத்தை மறுபடி புரட்டினார். "அப்ப ஒருவேளை இது உங்க கருத்தெய்வமே இருக்கலாம். பஞ்சாங்கம் ஒண்ணு சொல்லும், அது ஒண்ணு நினைக்கும். புதுத் தொடப்பம் ஒண்ணு வாங்கி அந்த எடத்தை மூணு தடவை பெருக்குங்க. 'நகரு'ன்னு மட்டும் சொல்லுங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க."

ருய்லின் அப்படியே செய்தாள். மூன்று முறை சுவரை மெல்லப் பெருக்கினாள். ஆனால் தன் குழந்தையைக் காக்கும் தெய்வத்தை, விருந்தாளியை விரட்டுகிற மாதிரி, வெறும் 'நகரு' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நல்ல வீட்டில் வளர்ந்தவள். எதிரில் இருப்பது யார் என்று தெரியாதபோது மரியாதை எவ்வளவு ஆபத்து என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"தயவு செஞ்சு நகர்ந்து உக்காருங்க. இது குழந்தையோட ரூம். உங்களுக்கு இஷ்டம்னா என் பக்கத்துலேயே எங்க வேணும்னாலும் இருந்துக்கோங்க."

கதவோரம் நின்ற மேஸ்திரியின் முகம் சுண்டியது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பார்கள். இங்கே இடம் கேட்காமலே கொடுக்கப்பட்டுவிட்டது.

அன்று மேஸ்திரி அல்லி வெள்ளையை மறுபடி பூசினார். சாயங்காலம் சுவர் ஒரே சீராகக் காய்ந்தது. திட்டு இல்லை, வாசனை இல்லை. மேகம் மூடிய வெளிச்சத்திலும் அறை மென்மையாக, வெதுவெதுப்பாக இருந்தது. ருய்லினுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் மூன்று வேளையும் பார்த்தாள், மூன்று வேளையும் அதுதான் சரியான வெள்ளை. தொட்டில் வந்தது. காய்செங் அதை ஆட்டிப் பார்த்து, "இந்த வெள்ளைதானே நான் முதல் நாளே சொன்னேன்," என்று பொய் சொன்னான்.

மேஸ்திரி கூலியை வாங்கிக்கொண்டு, தேநீரைத் தொடாமல் இறங்கிப் போனார்.

அதற்கு அடுத்த நாள் காலை குளிக்கும்போது அவள் அதைப் பார்த்தாள்.

தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கம், தோல் வெளுத்திருந்தது.

முழங்காலை மடக்கிப் படுத்த வடிவம்.

துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து வண்ண அட்டைகளை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் நின்று ஒவ்வொன்றாக வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தாள். பனி வெள்ளை இல்லை. முத்து இல்லை. அல்லி இல்லை. பதினொன்றும் இல்லை. இத்தனை நாள் நாற்காலி போட்டுப் பார்த்த கண்ணுக்கு இது எந்த வெள்ளை என்று நன்றாகத் தெரிந்தது.

தொட்டாள். ஜில்லென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒரே குழந்தை, நல்ல எடை, குதிரை ஓடுவது போல இதயத் துடிப்பு. "தோல்ல நிறம் கொறையறது சில பேருக்கு வரும்மா. பயப்படாதீங்க," என்றாள். ஆனால் ஜெல்லைத் துடைக்கும்போது ஒரு கணம் மூக்கைச் சுளித்தாள். புளித்த பால்.

அன்று பிற்பகல் ருய்லின் பக்கவாட்டில் படுத்திருந்தாள். வலப்பக்கம் குழந்தை உதைத்தது. அந்த உதை அவளுக்குத் தெரியும். மாதக்கணக்காகப் பழகிய குதிகால்.

அதே நொடியில் இடப்பக்கமும் ஒன்று உதைத்தது.

காய்செங்கின் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். அவனுடைய கேலியெல்லாம் போன இடம் தெரியவில்லை. எழுந்து போய்ப் புதுத் துடைப்பத்தைக் கொண்டுவந்தான்.

"நான் சொல்றேன். வெறும் 'நகரு'ன்னு மட்டும் சொல்றேன்."

"வேண்டாம்."

"ஏன் ருய்லின்? உன்னோட ஒட்டிக்கிட்டு இருக்கே!"

அவள் இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"உள்ள ரெண்டு பேர் இருக்காங்க. நகருன்னு சொன்னா, எது நகரும்?"

அவன் துடைப்பத்தை இறக்கினான். அதன்பின் அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

மீதி இரண்டு மாதமும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்தாள். கோடை தொடங்கியும் இடப்பக்கம் போர்வை கேட்டது. கெஞ்சவும் இல்லை, விரட்டவும் இல்லை. வாய் திறந்தால் மறுபடி ஏதாவது மரியாதையாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து, வயிற்றோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். தன் பிள்ளையோடு பேச முடியாமல் போனதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய துக்கம்.

பெண் குழந்தை பிறந்தது. சிவந்த உடம்பு, ஊரைக் கூட்டும் குரல். ருய்லின் துணியைப் பிரித்து, விரல் இடுக்கு முதல் காது மடல்வரை தேடினாள். ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. மூன்றாம் நாள் அவள் வயிற்றுத் திட்டும் மங்கி மறைந்தது. காய்செங் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். குழந்தைக்கு நிங்நிங் என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

ஒரு மாதப் பத்தியம் முடிந்தது. இஞ்சியும் நல்லெண்ணெயும் போட்ட கோழிச்சாறு குடித்துக் குடித்து அவள் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. கடைசிப் பரிசோதனையில் டாக்டரம்மா, கருப்பை நன்றாகச் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்துவிட்டது என்றாள். உள்ளே ஒன்றும் இல்லை, எல்லாம் சுத்தம் என்று எழுதியும் கொடுத்தாள்.

அன்று மதியம் நிங்நிங் பால் குடித்துவிட்டு உறங்கிப் போனாள். ருய்லின் அவளைத் தோளிலிருந்து இறக்கி, போர்வையை இழுத்துவிட்டு, பக்கத்தில் தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். சுவர் அல்லி வெள்ளையில் அமைதியாக இருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் தன் பிள்ளையோடு வாய்விட்டுப் பேசினாள்.

"என் கண்ணே, இனிமே பயமில்ல. அம்மா இருக்கேன். எப்பவும் பக்கத்துலேயே இருக்கலாம்."

குழந்தை தொட்டிலில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் வயிற்றுக்குள், இடப்பக்கம், ஒன்று உதைத்தது.