யாருக்கும் எழுதாத பேனா

செலினிடம் பழைய மைப்பேனாக்கள் ஐந்து இருந்தன. ஒன்று பச்சை. ஒன்றின் மூடியில் குட்டிச் சிங்கம். இன்னொன்று ஆமை ஓடு போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். எல்லாம் பிஸ்கட் டப்பாவுக்குள் பஞ்சு மெத்தையில் தூங்கின.

தூங்க மட்டும்தான் செய்தன. செலின் எழுதினால் ஐந்துமே தாளைக் கீறின.

அவள் கைதான் காரணம் என்றார்கள் எல்லோரும். செலின் இடது கையால் எழுதுபவள்.

"திங்கட்கிழமை கையெழுத்துத் தேர்வு. மைப்பேனாவிலதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டார் ஆறாம் வகுப்பு நாகவல்லி டீச்சர். "செலின், போன தடவை மாதிரி தாள் கிழிஞ்சா, அன்னையிலேர்ந்து வலது கைதான். புரியுதா?"

"புரியுது டீச்சர்."

புரிந்தது. ஒப்புக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணன் இக்னேஷியஸுடன் கிளம்பினாள். பிறந்தநாளுக்குப் பேனா வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தாள் அம்மா. ஒன்றே ஒன்று.

பட்டாபிராம் ரயில்வே கேட் பக்கத்தில் கங்காதரன் கடை. பழைய பேனாக்களைப் பழுது பார்த்து விற்பவர். அவர் சட்டைப்பை எப்போதும் நீலமாகவே இருக்கும்.

"வா பாப்பா! ஆறாவது பேனாவா? இத்தப் பாரு!" என்று தங்க நிற மூடி போட்ட ஒன்றை எடுத்து வைத்தார்.

இக்னேஷியஸ் வாயைப் பிளந்தான். "இத வாங்குடி! உன் டப்பாவுக்கே ராஜா!"

செலின் மையில் தொட்டு எழுதினாள். ராஜா கீறினார். அடுத்த பேனாவும் கீறியது. அதற்கடுத்ததும்.

"கைய மாத்திப் புடியேன்" என்றான் அண்ணன்.

"நீ வேணா கால்ல எழுது. நான் மாத்த மாட்டேன்."

ஓரத்தில் ஒரு தகர டப்பா இருந்தது. உடைந்த மூடிகளுக்கு நடுவே தடித்த கறுப்புப் பேனா ஒன்று கிடந்தது. செலின் கையை விட்டாள்.

"அது வாணாம் பாப்பா. மூணு பேர் வாங்கினு போயி, மூணு பேரும் திருப்பிக் குட்த்துட்டாங்க. எனக்கே கீறுது."

செலினின் கை நின்றது. "உங்களுக்குக் கீறுதா அங்கிள்?"

சட்டென்று மையில் தொட்டாள். எழுதினாள். பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது! செலின், செலின், செலின் என்று தாள் நிறைந்தது.

இக்னேஷியஸ் பிடுங்கி எழுதிப் பார்த்தான். கர்ர்ர்!

செலின் கங்காதரனின் பூதக்கண்ணாடியை வாங்கி நிப்பை உற்றுப் பார்த்தாள். பிறகு ராஜாவின் நிப்பை. பிறகு மற்றவற்றை.

"எல்லா நிப்பும் ஒரே பக்கமா தேஞ்சிருக்கு அங்கிள். இது மட்டும் எதிர்ப்பக்கம்!"

கங்காதரன் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "அட, ஆமா! இத்தினி வருசமா நிப்பு பாக்குறேன், எனக்குத் தோணலியே!"

"இத வெச்சிருந்தவங்களும் என்ன மாதிரியே இடது கைதான். எத்தன பேர் கைய மாத்தச் சொல்லியிருப்பாங்க? நிப்பு தேயுற வரைக்கும் மாத்தவே இல்ல!"

"மூடியில வெடிப்பு கீதுடி" என்றான் இக்னேஷியஸ். "டப்பால வெச்சா அசிங்கமா இருக்கும்."

"டப்பால யார் வெக்கப் போறா?"

திங்கட்கிழமை. செலின் நோட்டைச் சாய்த்து வைத்து எழுதினாள். நாகவல்லி டீச்சர் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. நிமிரவில்லை.

"என்ன பேனா இது? குடு."

டீச்சர் பேனாவை வாங்கி, ஓரத்தில் 'நன்று' என்று எழுதப் போனார். 'நன்' வரை வந்தது. கர்ர்ர்! தாள் கிழிந்தது.

"என்ன இப்படிக் கீறுது?"

"வேணும்னா கைய மாத்திப் பாருங்க டீச்சர்" என்றாள் செலின்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சர் முறைத்தார். சிரிப்பு நின்றது. செலின் மட்டும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

டீச்சர் தாளைப் பார்த்தார். ரயில் பெட்டிகள் போல நேராக எட்டு வரிகள். பக்கத்தில் அவருடைய 'நன்', கால் உடைந்து கிடந்தது.

பேனாவை மேசையில் வைத்தார்.

செலினின் இடது கைப்பக்கம் வைத்தார்.